மருதிருவர்: வானம் பார்த்த பூமியின் விடுதலை அரசியல்

திருச்சுழி வட்டாரத்தில் பிறந்த அண்ணன் தம்பி 1801-இல் நடத்திய போர் ஏன் தோற்றது? 1971-இல் வங்கம் நடத்திய போர் ஏன் வென்றது? இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும்போதுதான் மருதிருவரின் முழு உயரம் தெரிகிறது.

விருதுநகரிலிருந்து மானாமதுரை போகும் ரயில் பாதையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று வரிசையாக ஊர்கள் வரும். மழை வாய்த்த வருஷம் ஜன்னலுக்கு வெளியே பருத்தியும் உளுந்தும் மிளகாயும் நிற்கும். வாய்க்காத வருஷம் சீமைக்கருவேலமும் கரிமூட்டப் புகையும்தான். குண்டாறு தண்ணீரோடு ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகள் பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். மத்திய அரசு 2018-இல் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள்: விருதுநகர், ராமநாதபுரம்.

இந்த மண்ணில்தான், நரிக்குடியை அடுத்த முக்குளத்தில், மொக்கை பழனியப்பன் சேர்வைக்கும் ஆனந்தாயி என்ற பொன்னாத்தாளுக்கும் இரண்டு ஆண் பிள்ளைகள் வளர்ந்தார்கள். மூத்தவர் 1748-இலும் இளையவர் 1753-இலும் பிறந்ததாகக் கொள்வது வழக்கம். பெரிய மருது, சின்ன மருது. அரண்மனையில் பிறந்தவர்கள் இல்லை. சேவகத்தில் சேர்ந்து, சிவகங்கைச் சீமையின் அதிகாரத்தைக் கையில் எடுத்து, கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தை மாதக்கணக்கில் காட்டுக்குள் நிறுத்தி வைத்தவர்கள்.

அவர்களை நாம் வளரியோடும் வீச்சரிவாளோடும் சுவரில் வரைந்து வைத்திருக்கிறோம். அந்த வீரம் உண்மை. ஆனால் வீரத்தோடு நிறுத்திக்கொண்டால் அவர்களில் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம். மருதிருவர் ஒரு விடுதலைப் போரின் அரசியல் தலைமையும் படைத் தலைமையும் ஆவார்கள். அந்தப் போருக்கு ஒரு கொள்கை இருந்தது, ஒரு கூட்டணி இருந்தது, ஒரு பிரகடனம் இருந்தது. அது விழுந்த காரணங்களும் அரசியல் காரணங்களே.

ஒரே வருஷத்தில் ஒரு நூலும் ஒரு நாடும்

1971-இல் வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் ஆங்கிலத்தில் எழுதிய 'தென்னிந்தியக் கிளர்ச்சி' என்ற ஆய்வு நூல் மைசூரில் அச்சாகி வந்தது. 1800-1801-இல் திண்டுக்கல், கொங்கு, மலபார், மைசூர், ராமநாதபுரம், சிவகங்கை, பாஞ்சாலங்குறிச்சி என்று தனித்தனியாகப் பேசப்பட்ட எழுச்சிகளை ஒரே போராகப் படிக்க வேண்டும் என்று அந்த நூல் ஆவணங்களோடு வாதாடியது. 1857-க்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்த இதுவே முதல் சுதந்திரப் போர் என்றது.

அதே வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவின் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானின் கிழக்குப் படைத் தலைவர் நியாஸி, இந்திய லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா முன்னால் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஏறக்குறைய 93,000 பேர் கைதானார்கள். வங்கதேசம் சுதந்திர நாடாக நின்றது.

நூலும் நாடும் ஒரே வருஷத்தில் வந்தது தற்செயல்தான். ஆனால் ஒரு சிறிய நிலம் தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஆயுத பலத்தை எதிர்த்து எழும்போது எது அதைத் தாங்கும், எது கைவிடும் என்ற கேள்விக்கு 1801-ம் 1971-ம் சேர்ந்து தெளிவாகப் பதில் சொல்கின்றன. போரிட ஆள் வேண்டும். ஒதுங்கித் திரும்பி வர ஒரு நிலம் வேண்டும். நாட்டின் பெயரால் பேசும் உரிமை வேண்டும். வங்கத்திடம் மூன்றும் இருந்தன. மருதிருவரிடம் முதலாவது நிறைய இருந்தது. இரண்டாவதை உலக நடப்பு பறித்தது. மூன்றாவதைக் கம்பெனி பறித்தது.

எட்டு வருஷ அடைக்கலம்

அடைக்கலம் என்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதைச் சிவகங்கை தன் அனுபவத்திலேயே கண்டிருந்தது. 1772 ஜூன் மாதம் ஆற்காடு நவாபுக்காகக் கம்பெனிப் படை சிவகங்கைக்குள் புகுந்தது. காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியார் மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிப் பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருதிருவரும் உடன் நின்றார்கள். விருப்பாட்சிக்குக் கோபால நாயக்கர் தலைவர். திண்டுக்கல் அப்போது மைசூர் ஹைதர் அலியின் ஆட்சியில் இருந்தது.

எட்டு வருஷம் அங்கே காத்திருந்தார்கள். அது வெறும் காத்திருப்பாக இருக்கவில்லை. நாட்டுக்குள்ளே ஆள் திரட்டினார்கள், ஹைதரிடம் உதவி கேட்டுப் பெற்றார்கள், சமயம் பார்த்தார்கள். 1780-இல் நவாபும் கம்பெனியும் மைசூரோடு மோதிக்கொண்டிருந்த வேளையில் படையோடு திரும்பி வந்து சிவகங்கையை மீட்டார்கள். இழந்த நாட்டை ஓர் அரசி போரிட்டுத் திரும்பப் பெற்ற அரிய நிகழ்ச்சி அது. அந்த வெற்றியின் கருவூலம் விருப்பாட்சி. எதிரியின் கை எட்டாத ஒரு நிலம், அதன் முதுகில் ஓர் அரசு.

மீட்ட நாட்டில் அண்ணனும் தம்பியும் பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். சின்ன மருது நிர்வாகத்தையும் அரசியலையும் ஏற்றார். பெரிய மருது படைக்குத் தலைவர். கம்பெனிப் படையில் இளம் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், பகைமை வருவதற்கு முன்பு இருவரோடும் பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று 1830-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் பதிவு செய்திருக்கிறார். சிறுவயலில் சின்ன மருதுவின் வீட்டுக்குள் யாரும் காவல் தடையின்றிப் போய்வர முடிந்தது என்றும், மூத்தவர் அபார உடல் வலிமை கொண்ட வேட்டைப் பிரியர், ஆட்சி இளையவர் கையில் இருந்தது என்றும் அவர் எழுதுகிறார். எதிரணியில் நின்றவர் தந்த சாட்சி என்பதால் இதற்கு எடை கூடுதல்.

மழை பெய்யாத வருஷத்திலும் கிஸ்தி

1792-இல் நவாபோடு செய்த உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் நேரே பேஷ்கஷ் என்னும் கப்பத்தை வசூலிக்கும் அதிகாரம் கம்பெனிக்கு வந்தது. வானம் பார்த்த பூமியில் வரி என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும் சங்கதி. கண்மாய் நிறைந்தால் கொடுப்பார்கள், வறண்டால் தவணை கேட்பார்கள், அதையும் தாண்டினால் தள்ளுபடி கேட்பார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில்தான் பழைய ஆட்சிகள் நடந்தன. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. குறித்த தொகை, குறித்த நாள், தவறினால் படை.

1795-இல் ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கித் திருச்சிக்குச் சிறை கொண்டு போனார்கள். அவர் நாடு திரும்பவே இல்லை. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு ராமநாதபுரத்தில் சந்தித்தார். அடுத்த வருஷம் அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் மற்றப் பாளையக்காரர்களுக்கு உத்தரவு போனது.

இடையில், 1799 ஏப்ரலில், சேதுபதியின் ஊழியராக இருந்த சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி ஆகிய ஊர்களில் கம்பெனி அலுவலகங்களையும் கிட்டங்கிகளையும் தாக்கினார். அவர் குறிவைத்த இடங்களே காரணத்தைச் சொல்லும். ஆயுதம் இருந்த கச்சேரி, துணி இருந்த கிட்டங்கி, நெல் இருந்த களஞ்சியம். தறியில் நெய்தவனுக்கும் காட்டில் விதைத்தவனுக்கும் சேர வேண்டியதெல்லாம் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து பரமக்குடி வரை நீளும் இந்த நிலம் தறியும் விதையும் சேர்ந்து வாழும் நிலம். இரண்டின் மீதும் ஒரே கை விழுந்ததுதான் கிளர்ச்சி இவ்வளவு அகலமாகப் பரவியதற்குக் காரணம்.

சுவரில் ஒட்டிய அரசியல்

1800-இல் கூட்டணி உருவானது. விருப்பாட்சி கோபால நாயக்கர் திண்டுக்கல் பக்கத்தில் மையமாக நின்றார். சிவகங்கையில் மருதிருவர். கொங்கு நாட்டிலும் மலபாரிலும் தோழமைப் படைகள். கன்னட நாட்டில் தூந்தாஜி வாக். ஜூன் மாதம் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது என்று திட்டம். அது முன்கூட்டியே வெடித்துத் தோற்றது. செப்டம்பரில் தூந்தாஜி, ஆர்தர் வெல்லஸ்லியின் படையோடு மோதி இறந்தார். வடக்கேயிருந்து வரவேண்டிய கை ஒடிந்தது.

1801 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தோழர்களும் தப்பினார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்தது. மார்ச் இறுதியில் நடந்த முதல் பெரிய தாக்குதலைக் கோட்டை முறியடித்தது. கர்னல் அக்னியூ கூடுதல் பீரங்கியோடு வந்து மே 24-இல்தான் அதைப் பிடிக்க முடிந்தது. ஊமைத்துரை கமுதி வழியாகச் சிறுவயலுக்குப் போனார். அவரை ஒப்படைக்கக் கம்பெனி கேட்டது. சின்ன மருது ஒப்படைக்கவில்லை. போர் சிவகங்கைக்கு வந்தது.

அந்த ஜூன் மாதம் 16-ஆம் தேதியிட்ட பிரகடனம் ஒன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் மாளிகை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் சின்ன மருது. கையெழுத்தின் இடத்தில் தம்மை ஐரோப்பியர்களின் தீராப் பகைவன் என்று குறித்திருந்தார். விளித்தது சிவகங்கைக் குடிகளை மட்டுமில்லை. ஜம்புத்தீவில் வாழும் எல்லா மக்களையும்.

அந்தத் தாளில் இருந்த வாதம் இன்று படித்தாலும் கூர்மையானது. நவாபு ஐரோப்பியர்களுக்கு இடம் கொடுத்தார். அவர்கள் நன்றி மறந்து நாட்டையே தமதாக்கிக்கொண்டார்கள். நமக்குள் ஒற்றுமை இல்லாததால் அவர்கள் தந்திரம் பலித்தது. மக்கள் வறுமைக்கு ஆளானார்கள், துன்பம் கண்ணுக்குத் தெரிந்தும் அதன் காரணம் அவர்களுக்கு விளங்கவில்லை. ஆகவே பிராமணர், க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம் என்ற பேதமின்றி எல்லாரும் எழ வேண்டும். கம்பெனிப் படையில் சம்பளத்துக்கு இருக்கும் நம்மவர்கள் சமயம் பார்த்து எதிர்க்க வேண்டும். படிக்கிறவர்கள் நகல் எடுத்துப் பரப்ப வேண்டும், சுவரிலிருந்து கிழிப்பவர் பெரும்பாவம் செய்தவர்.

துன்பம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை என்று சொல்வதற்கு அரசியல் அறிவு வேண்டும். கோபத்தைக் காரணத்தோடு இணைத்துக் காட்டுவதுதான் அரசியல் தலைமையின் முதல் வேலை. பழைய அரசர்களுக்கு அவரவர் உரிமை திரும்ப வேண்டும் என்றும் பிரகடனம் கேட்கிறது. அந்தக் காலத்தின் எல்லை அது. ஆனால் அந்த அரசர்களுக்காகப் போரிடுங்கள் என்று குடிகளிடம் சொல்லும்போது, முடிவெடுக்க வல்லவர்கள் குடிகளே என்று ஒப்புக்கொண்டும் ஆகிறது. 1801-இல் தென்னாட்டில் ஒருவர் இப்படி எழுதினார். அவர் முக்குளத்தில் வளர்ந்தவர்.

காட்டுக்குள் ஒரு மாதம்

அக்னியூவின் படை திருப்புவனம், மானாமதுரை, பார்த்திபனூர், பரமக்குடி என்று வைகைக் கரையோரம் நகர்ந்தபோது ஒவ்வொரு காத தூரத்துக்கும் அடி வாங்கியது. கருவேலங்காட்டு மறைவு, கண்மாய்க் கரை, பனந்தோப்பு எல்லாம் போராளிகளுக்கு அரண். ஜூலை இறுதியில் படை சிறுவயலை நெருங்கியபோது மருதிருவர் தம் ஊரைத் தாமே தீயிட்டுவிட்டுக் காளையார்கோவில் காட்டுக்குள் இறங்கினார்கள். கோவிலை அடைய அந்தக் காட்டை வெட்டிப் பாதை போட வேண்டும். மரம் வெட்டிகளை வைத்து ஆகஸ்ட் முழுக்க வெட்டினார்கள். வெட்டிய பாதையின் இரண்டு பக்கமும் குண்டும் ஈட்டியும் வந்தன. ஒரு மாதம் கழித்துக் கம்பெனிப் படை கைவிட்டு ஒக்கூருக்குத் திரும்பியது.

படை அளவில் பார்த்தால் அந்த ஆகஸ்டில் வென்றவர்கள் மருதிருவரே. அதற்குப் பின் நடந்த தோல்வி போர்க்களத்துக்கு வெளியே தொடங்கியது.

பட்டம் யாருக்கு?

சிவகங்கை அரச வம்சத்தோடு உறவுள்ள படமாத்தூர் கௌரி வல்லப உடையத்தேவரை அக்னியூ தேடிப் பிடித்தார். நாட்டின் உண்மையான வாரிசு இவர், மருதிருவர் எஜமானின் சொத்தைப் பிடித்துக்கொண்ட ஊழியர்கள் என்று அறிவித்தார். செப்டம்பரில் சோழபுரத்தில் அவருக்குப் பட்டம் சூட்டும் விழா நடந்தது. பீரங்கியால் முடியாததை அந்தப் பட்டம் செய்தது. அரச வம்சத்துக்கு விசுவாசம் என்ற உணர்வில் ஊறிய குடிகளில் ஒரு பகுதி ஒதுங்கியது. இன்னொரு பகுதி புது ஜமீனின் பக்கம் போனது. காட்டுக்குள் தானியம் கொண்டுவந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

ஓடி ஒதுங்க இடமும் இல்லை. வடக்கே புதுக்கோட்டைத் தொண்டைமான் கம்பெனிப் பக்கம். தெற்கே எட்டயபுரம் கம்பெனிப் பக்கம். திண்டுக்கல் 1792-லேயே மைசூரிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. 1799 மே 4-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததோடு மைசூர் என்ற முதுகும் முறிந்தது. 1772-இல் வேலுநாச்சியாருக்குத் திறந்த கதவு 1801-இல் மருதிருவருக்கு இல்லாமல் போனது. ஜூலை 31-இல் புது நவாபிடம் கையெழுத்து வாங்கிக் கர்நாடக ஆட்சி முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டதும், சட்டப்படி முறையிடவும் தமிழ் நிலத்தில் ஓர் அரசு மிஞ்சவில்லை.

அக்டோபர் 1-ஆம் தேதி பல முனைகளிலிருந்து தாக்கிக் காளையார்கோவிலைப் பிடித்தார்கள். மருதிருவர் காட்டில் பிடிபட்டார்கள். 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூர்க் கோட்டையில் அண்ணனையும் தம்பியையும் தூக்கிலிட்டார்கள். உறவினரும் தோழரும் பலர் அதே கதிக்கு ஆளானார்கள். நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையின் முறை வந்தது. 1802 பிப்ரவரியில் 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் ஒருவர், பதினைந்து வயதுப் பையன். 1818-இல் பினாங்கில் ஜேம்ஸ் வெல்ஷ் அவரைக் கண்டார். முப்பதைக் கடந்த சில வருஷங்களிலேயே அவர் தளர்ந்த கிழவராகத் தெரிந்ததாக எழுதியிருக்கிறார்.

வங்கத்தில் நடந்தது

இனி 1971-ஐப் பார்ப்போம். கிழக்குப் பாகிஸ்தானில் 1970 டிசம்பர் தேர்தலில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ வென்றது. ராணுவ ஆட்சி அதிகாரத்தைக் கொடுக்க மறுத்தது. மார்ச் 7-இல் முஜிப் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பேசினார். மார்ச் 25 இரவு ராணுவம் டாக்காவின் மீது பாய்ந்தது. முஜிபைக் கைது செய்து மேற்குப் பாகிஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள்.

தலைவர் சிறையில். படை கலைந்து கிடந்தது. அந்த நிலையில் அவாமி லீக்கின் தாஜுதீன் அகமது எல்லை கடந்து இந்தியாவுக்குப் போய், முதலில் ஓர் அரசை அமைத்தார். ஏப்ரல் 10-இல் சுதந்திரப் பிரகடனம். ஏப்ரல் 17-இல் எல்லையோர மாந்தோப்பு ஒன்றில் அமைச்சரவை பதவியேற்றது. அந்த இடத்துக்கு முஜிப்நகர் என்று பெயரிட்டார்கள். சிறையில் இருக்கும் முஜிபே ஜனாதிபதி என்றார்கள். அதற்குப் பிறகுதான் நிலத்தைப் பதினொரு போர்ப் பகுதிகளாகப் பிரித்துத் தளபதிகளை நியமித்தார்கள். எந்த மண்ணில் எந்தத் தளபதி நின்றாலும் அவர் ஓர் அரசுக்குக் கட்டுப்பட்டவர். அந்த அரசுக்குத் தேர்தல் தந்த உரிமை இருந்தது.

போட்டிக்கு ஒரு பொம்மை அரசைப் பாகிஸ்தானும் டாக்காவில் வைத்துப் பார்த்தது. மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில் படமாத்தூர் உத்தி அங்கே செல்லவில்லை. ஏறக்குறைய ஒரு கோடி அகதிகளை ஏற்ற இந்தியா விருப்பாட்சியின் வேலையைச் செய்தது. முகாம், பயிற்சி, ஆயுதம், கடைசியில் படை. டிசம்பர் 6-இல் இந்தியா வங்கதேசத்தை அங்கீகரித்தது.

1971: தலைமையும் தளபதிகளும்

ஷேக் முஜிபுர் ரஹ்மான்: போராட்டத்தின் முகம், குரல். போர் நடந்த காலம் முழுவதும் சிறையில். 1975 ஆகஸ்ட் 15-இல் குடும்பத்தோடு கொல்லப்பட்டார்.

சையது நஸ்ருல் இஸ்லாம்: முஜிப் இல்லாத காலத்தில் தற்காலிக ஜனாதிபதி.

தாஜுதீன் அகமது: பிரதமர், போர்க்கால அரசை நடத்தியவர். 1975 நவம்பர் 3-இல் டாக்கா சிறையில் நஸ்ருல் இஸ்லாம் உள்ளிட்ட நால்வரில் ஒருவராகக் கொல்லப்பட்டார்.

எம்.ஏ.ஜி. உஸ்மானி: ஓய்வு பெற்ற கர்னல். 1970 தேர்தலில் அவாமி லீக் சார்பில் வென்றவர். விடுதலைப் படையின் தலைமைத் தளபதி.

ஜியாவுர் ரஹ்மான்: மார்ச் 27-இல் சிட்டகாங் களூர்காட் வானொலியில் முஜிப் பெயரால் சுதந்திர அறிவிப்பைப் படித்த மேஜர். பின்னாளில் ஜனாதிபதி. 1981 மே 30-இல் கொல்லப்பட்டார்.

காலித் முஷரஃப், கே.எம். ஷஃபியுல்லா: தம் பெயரின் முதல் எழுத்தைத் தாங்கிய படைப்பிரிவுகளை நடத்தியவர்கள். முஷரஃப் 1975 நவம்பர் 7-இல் கொல்லப்பட்டார்.

அபு தாஹிர்: பதினோராம் பகுதியின் தளபதி, போரில் ஒரு காலை இழந்தவர். 1976 ஜூலையில் ராணுவ ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது.

வென்ற நாடும் கற்க வேண்டியது

இந்தப் பட்டியலைப் படிக்கும் யாருக்கும் நெஞ்சு கனக்கும். எதிரியின் கையிலிருந்து தப்பியவர்கள் சொந்த நாட்டின் துப்பாக்கிக்கு இரையானார்கள். போர்க்காலத்தில் தளபதிகள் அரசுக்குக் கட்டுப்பட்டார்கள். வென்ற நாலு வருஷத்துக்குள் அந்த ஒழுங்கு உடைந்தது. படைத் தலைமை அரசியல் தலைமையை விழுங்கியது. நாட்டின் பெயரால் பேசும் உரிமையைப் போரில் பெறுவது ஒரு கடமை. பெற்றபின் அதை மக்களிடமே விட்டுவைப்பது அதைவிடக் கடினமான கடமை.

மருதிருவருக்கு அந்த இரண்டாவது சோதனை வாய்க்கவே இல்லை. ஆனால் முதல் சோதனையில் அவர்கள் சந்தித்த தடையை வங்கம் சந்திக்கவில்லை என்பதை மறக்கக்கூடாது. 1801-இல் தேர்தல் இல்லை. ஆளும் உரிமை பிறப்பால் வந்தது. சேர்வைக்காரர் வீட்டுப் பிள்ளை எவ்வளவு நன்றாக ஆண்டாலும், எவ்வளவு தெளிவாக எழுதினாலும், அரச ரத்தத்தைக் காட்டி அவரை ஊழியன் என்று ஒதுக்கிவிட முடிந்தது. பிறப்பு என்ற அந்த அளவுகோலைத் தன் சொந்த நலனுக்குப் பயன்படுத்தியது, பிறப்பைப் பற்றிக் கவலையே இல்லாத ஒரு வணிகக் கம்பெனி. அந்த வலையைச் சின்ன மருது கண்டுகொண்டிருந்தார் என்பதற்கு அவருடைய பிரகடனமே சான்று. வம்சத்தைத் தாண்டி மக்களிடம் பேசினால்தான் வழி பிறக்கும் என்று அவர் முயன்றார். அந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவ அவருக்குக் கிடைத்த அவகாசம் நாலு மாதம்.

நரிக்குடிக்கு நாம் பட்ட கடன்

போருக்குப் பிறகு, 1801 டிசம்பரில், சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஆயுதங்களைத் தடை செய்து அறிக்கை விட்டார். கோட்டைகள் இடிந்தன. 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாயின. பழைய காவல் உரிமைகள் போயின, வரி நிலையாக உட்கார்ந்தது. அந்த ஏற்பாட்டின் சுமையை இந்த வறண்ட நிலத்துக் குடியானவன் ஜமீன் ஒழிப்பு வரை சுமந்தான். தண்டனை முடிந்த பிறகும் தழும்பு ஒன்றரை நூற்றாண்டு இருந்தது.

இன்று ஒவ்வொரு அக்டோபரிலும் திருப்பத்தூரிலும் காளையார்கோவிலிலும் மருதிருவருக்குக் குருபூஜை நடக்கிறது. 2004 அக்டோபரில் அஞ்சல்தலை வெளிவந்தது. மாலை போடுவதில் குறையில்லை. ஆனால் அந்த மாலைகளைச் சுற்றி எழும் பேச்சில் சாதியின் பெயர் கேட்கும் அளவுக்குப் பிரகடனத்தின் பேச்சு கேட்பதில்லை. அவர்களோடு காட்டில் நின்றவர்களும் அவர்களுக்குப் பின் பினாங்குக்குப் போனவர்களும் பல சாதியார், பல சமயத்தார். ஊமைத்துரை எந்தக் குலம் என்று பார்த்து சின்ன மருது அடைக்கலம் கொடுக்கவில்லை. அவரைக் காப்பதற்காகத் தம் ஊரையே எரித்தார்.

ஆகவே சில காரியங்களை உடனே செய்யலாம். 1801 பிரகடனத்தின் முழு வாசகத்தையும் தமிழில் கல்லில் வெட்டி நரிக்குடியிலும் திருச்சுழியிலும் எல்லாரும் நின்று படிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். வழிப்போக்கருக்கு மருதிருவர் கட்டி வைத்த நரிக்குடிச் சத்திரத்தைப் பழமை கெடாமல் செப்பனிட்டு, அந்தப் போரின் ஆவணங்களை அங்கே வைக்க வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதிப் பள்ளிகளில் மயிலப்பனையும் ஊமைத்துரையையும் மருதிருவரையும் ஒரே பாடத்தில், ஒரே போராகச் சொல்லித்தர வேண்டும். அதன் பக்கத்தில் வங்கதேசப் பாடத்தையும் வைத்தால், படை மட்டும் நாட்டை விடுவிக்காது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை தானாகவே எழுதிவிடும்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தந்திருக்கும் அடையாளம் பின்தங்கியவர்கள் என்பது. அவர்களுடைய ஊரில் வளர்ந்த ஒருவர், பிரெஞ்சுப் புரட்சி முடிந்து சில வருஷங்களே ஆன ஓர் உலகத்தில், எந்த அரசனின் கட்டளையும் இல்லாமல் ஒரு துணைக்கண்டத்து மக்களை நோக்கி எழுதினார். யார் இந்த நாட்டின் பெயரால் பேசலாம் என்ற கேள்விக்கு, எழுந்து நிற்கும் எல்லாரும் என்று பதில் சொன்னார். அந்தப் பதிலுக்காகவே அவர் தூக்குமேடை ஏறினார். அதை ஒரு குலத்தின் சொத்தாகப் பூட்டி வைக்க நமக்கு உரிமை இல்லை. அது எல்லாருக்கும் எழுதப்பட்டது, எல்லாருக்கும் படித்துக் காட்ட வேண்டியது நம் வேலை.